யார் பேரில் கடன்?

வணக்கம் சார்,

கம்பெனி வேலையை விட்டுவிட்டு, தனியாக காண்ட்ராக்ட் எடுத்து மென்பொருள் எழுதிக் கொடுக்கிறேன். திருப்பூரில் ஒரு துணிக்கடைக்கு ஆன்லைன் விற்பனைத் தளம். மூன்று வாரம் என்று ஒத்துக்கொண்ட வேலை, ஆறு வாரம் இழுத்துவிட்டது. அட்மின் பக்கத்தின் கோடு (code, நிரல்) எனக்கே பிடிக்காமல் திரும்பத் திரும்ப எழுதினேன். "உள்ள என்ன எழுதியிருக்கீங்கன்னு எந்த கஸ்டமர் பாக்கப்போறான்?" என்கிறார் முதலாளி. என் நண்பன் டெம்ப்ளேட்டை எடுத்து ஒட்டி பத்து நாளில் முடிக்கிறான். அவனுக்குத்தான் வேலை குவிகிறது. தரமா, வேகமா சார்? ஏஐ வைத்து எழுதினால் தரம் போய்விடுமா?

கா.

அன்புள்ள கா.,

முதலாளி கேட்டதில் தப்பில்லை. உள்ளே இருக்கிற நிரலை எந்த கஸ்டமரும் பார்க்கப்போவதில்லை. ஆனால் ஒரு முறை பணம் கட்டியதற்கு இரண்டு ஆர்டர் விழுந்தால் எல்லாரும் பார்ப்பார்கள். நீங்கள் மூன்று வாரம் செலவழித்தது, கடைக்குள் இரண்டு பேர் மட்டும் திறக்கிற அட்மின் பக்கத்தில். பேமெண்ட் பகுதிக்கு எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்று கடிதத்தில் இல்லையே!

ரேஸர்பே போன்ற கேட்வேக்கள், அதாவது ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவைகள், பணம் வந்ததும் உங்கள் சர்வருக்குத் தானாகவே ஒரு தகவல் அனுப்பும். இதற்குப் பெயர் வெப்ஹுக். சர்வர் ஒழுங்காகப் பதில் சொல்லாவிட்டால் அதே தகவல் திரும்ப வரும். இரண்டு தடவை வரும் என்று நினைத்து எழுதாத தளத்தில் ஒரே பணத்துக்கு இரண்டு பார்சல் கிளம்பும். பணம் கட்டிய கையோடு கஸ்டமர் பிரௌசரை மூடிவிட்டால்? கடைசி ஒரு சட்டையை இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாங்கினால்? அப்புறம், தொகையைப் பைசாவில் அனுப்ப வேண்டும். 499 ரூபாய் என்றால் 49900. நூறால் பெருக்க மறந்தால் சட்டை 4 ரூபாய் 99 பைசாவுக்குப் போகும். இங்கே நிதானம் வேண்டும். பேக்கப்பும் அப்படித்தான்: எடுத்தால் போதாது, ஒருமுறை மீட்டுப் பார்க்க வேண்டும். விற்பனை ரிப்போர்ட் அழகாக இல்லையென்றால் எக்ஸலில் இறக்கிப் பார்த்துக்கொள்வார்கள், விடுங்கள்.

அவசரமாக எழுதிய நிரலைக் கடன் என்று 1992-ல் சொன்னவர் அமெரிக்க மென்பொருளாளர் வார்ட் கன்னிங்ஹாம். கொஞ்சம் கடன் வாங்கினால் வேலை வேகமாக நடக்கும், ஆனால் சீக்கிரமே திருத்தி எழுதி அடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வட்டி ஏறும் என்பது அவர் கணக்கு. கம்பெனியில் கடன் வாங்குவதும் அடைப்பதும் பெரும்பாலும் ஒரே குழு. காண்ட்ராக்டில் அப்படியில்லை. நாம் வாங்கிவிட்டு, இன்வாய்ஸை நீட்டிவிட்டுப் போய்விடுகிறோம். வட்டி கட்டுவது துணிக்கடைக்காரர், அதுவும் அடுத்து வருகிற டெவலப்பரின் சம்பளமாக. உங்கள் நண்பர் பத்து நாளில் முடிப்பது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. எதை விட்டுவிட்டு முடித்தார் என்பதை முதலாளியிடம் சொன்னாரா என்பதுதான் கேள்வி. கொட்டேஷனிலேயே எழுதிவிடலாம்: "ரீஃபண்ட் இப்போது கையால்தான் போட வேண்டும். மாதம் ஐம்பது ரீஃபண்டுக்கு மேல் போனால் தானாக நடக்கும்படி செய்து தருகிறேன், அதற்குத் தனிக் கட்டணம்." அவர் பேரில் வாங்கும் கடனுக்கு அவர் கையெழுத்து வேண்டாமா?

சரி, உங்கள் மூன்று வாரத்துக்கு வருவோம். மொத்தத் தொகை பேசி எடுத்த வேலை என்றால் அது உங்கள் பையிலிருந்து போனது. மணிக்கணக்கில் பில் போட்டிருந்தால் இன்னும் சங்கடம்: உங்கள் ரசனைக்கு அவர் பணம் கொடுத்திருக்கிறார். எப்படியானாலும் தாமதம் என்று தெரிந்த அன்றே ஃபோன் போட்டுச் சொல்லியிருக்க வேண்டும். தீபாவளி விற்பனையை நம்பி ஸ்டாக் போடுகிறவருக்குத் தேதிதான் தரத்தில் பாதி.

ஏஐ? அட்மின் பக்கத்துக்குத் தாராளமாக. வெப்ஹுக்கையும் எழுதச் சொல்லுங்கள், ஆனால் வரிக்கு வரி படியுங்கள். அப்புறம் நிஜப் பணம் நகராத டெஸ்ட் மோடில் ஒரே தகவலை நீங்களே இரண்டு தடவை அனுப்பிப் பாருங்கள், ஆர்டர் ஒன்றுதான் விழுகிறதா என்று.