திருகோணமலைக் கரையோரக் கிராமத்தில் இருந்துகொண்டே உழைத்து வாழ முடியுமா, இல்லை வெளிநாடு போவதுதான் ஒரே வழியா?

முடியும். ஆனால் ஒரே வேலையில், ஒரே சம்பளத்தில், பன்னிரண்டு மாதமும் என்று நினைத்தால் முடியாது. எங்கள் கரையில் எனக்குத் தெரிந்து அப்படி ஒரு வேலை பெரும்பாலான ஆட்களுக்கு இருந்ததில்லை.

ஏ.எல். முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது, அப்பா கடல்தொழில், ஹோட்டல் கோர்ஸ் ஒன்று செய்வதா கட்டாருக்குப் போவதா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதாததையும் நான் சொல்கிறேன், பிழை என்றால் மன்னித்துக்கொள்ளுங்கள். அம்மா அரச வேலைக்கான ஒவ்வொரு வர்த்தமானி வரும்போதும் விண்ணப்பம் போட்டாயா என்று கேட்கிறார். அப்பா நீ கடலுக்கு வராதே என்கிறார். கூடப் படித்த இரண்டு மூன்று பேர் டோஹாவிலிருந்து போட்டோ போடுகிறார்கள். 2006இல் நானும் இதே இடத்தில்தான் நின்றேன். அதனால்தான் மற்ற வேலையை வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

எனக்கு 44 வயது. ஊர் கும்புறுப்பிட்டி. அப்பா கரைவலை இழுத்தவர். சொந்த வலை கிடையாது, வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் வலையில் பங்குக்கு இழுத்தார். 1990இல் இடம்பெயர்ந்தோம், திரும்பி வந்தோம், 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து வீட்டை எடுத்துக்கொண்டு போனது. நான் வேலை தேட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் மாவட்டத்தில் "வேலை வரப்போகுது" என்ற கதை நிற்கவே இல்லை.

முதலில் தொண்டு நிறுவனங்கள் வந்தன. சாரதி, மொழிபெயர்ப்பாளர், களப்பணியாளர், மேசன் என்று ஊரில் கையும் காலும் உள்ள எல்லாருக்கும் வேலை. சில வருடத்தில் திட்டம் முடிந்தது, ஜீப்புகள் போய்விட்டன. சம்பூரில் 500 மெகாவாட் அனல்மின் நிலையம் வருகிறது என்றார்கள், அந்த மண்ணில் இருந்த சனம் 2006இல் போரில் எழும்பிப் போனது போனதுதான், பலர் 2015க்குப் பிறகுதான் காணியைக் கண்டார்கள், 2016இல் அனல்மின் திட்டத்தைக் கைவிட்டார்கள். இப்போது அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் நிலையம், 2025 ஏப்ரலில் கட்டுமானத்தைத் தொடக்கி வைத்தார்கள். சீனன்குடாவில் இருக்கிற பழைய எண்ணெய்த் தாங்கிகள் (குதங்கள்) 99ஐயும் பற்றி 2022 ஜனவரியில் ஒப்பந்தம் வந்தபோது எங்கள் ஊர்ப் பெடியன்கள் சுயவிவரக் கோவையோடு அலைந்தார்கள். புல்மோட்டையில் கனிய மணல் 1957இல் கூட்டுத்தாபனமாகத் தொடங்கியது. இல்மனைட்டும் ரூட்டைலும் சிர்கோனும் இந்தக் கரையில் இருந்துதான் போகிறது, பெரும்பகுதி மணலாகவே கப்பல் ஏறுகிறது. அதை வைத்து வேறு பொருள் செய்கிற தொழிற்சாலை இங்கே இருந்தால்தானே பக்கத்து ஊர்களுக்கும் வேலை வரும்.

இதை எழுதியதும் "அபிவிருத்திக்கு எதிரானவன்" என்று யாராவது வருவார்கள். இல்லை. வரட்டும், எல்லாம் வரட்டும். சீனன்குடாவில் மா ஆலையும் சீமெந்து ஆலையும் 80களில் இருந்து இருக்கின்றன, அவற்றால் பிள்ளைகளைப் படிப்பித்த குடும்பங்களை எனக்குத் தெரியும். நான் சொல்வது வேறு. சூரிய மின் நிலையம் கட்டும்போது ஆட்கள் வேண்டும், கட்டி முடித்தபிறகு பலகைகளைத் துடைக்கவும் பராமரிக்கவும் காவலுக்கும் கொஞ்சப் பேர் போதும். வரப்போகிற வேலையைப் பார்த்துக்கொண்டு இருபத்தி இரண்டில் இருந்து இருபத்தி எட்டு வரை வீட்டுத் திண்ணையில் இருந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். அந்த ஆறு வருடத்தை யாரும் திருப்பித் தருவதில்லை.

சரி, என் கதை. 2006இல் கட்டாருக்குப் போனேன். ஜெனரேட்டர் திருத்துகிற பட்டறையில் உதவியாள். முதல் இரண்டு வருடம் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதும் எண்ணெய் துடைப்பதும்தான் வேலை. கேரளாவைச் சேர்ந்த ஒரு பெரியவர் என்னை உட்கார வைத்து என்ஜின் கழற்றச் சொல்லிக் கொடுத்தார். ஒவ்வொரு நட்டையும் எந்த வரிசையில் கழற்றினேனோ அந்த வரிசையில் துணியில் பரப்பி வைக்கச் சொல்வார், தவறினால் முதலில் இருந்து. 2012இல் திரும்பி வந்தேன். வீட்டுக்கு ஓடு போட்டது அந்தக் காசில்தான், அதனால் வெளிநாட்டைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

வந்து நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தேன். சீசனில் நல்ல காசு. அடிப்படைச் சம்பளத்தை விட சேவைக் கட்டணப் பங்குதான் பெரிது, பத்து வீதத்தை எல்லாருக்கும் பிரிப்பார்கள். மே முதல் செப்டெம்பர் வரை புறாத்தீவுக்குப் போகிற படகுகள் நிற்காது. ஒக்டோபர் பிறந்ததும் அறைகள் காலி, சேவைக் கட்டணமும் காலி, "ஏப்ரலில் கூப்பிடுகிறோம்" என்று பாதிப் பேரை அனுப்பிவிடுவார்கள். அது அவர்கள் தொழிலின் கணக்கு, அதைக்கூட நான் பிழை சொல்லவில்லை. ஆனால் 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்கு அடுத்த வாரம் எனக்கு ஒரு தொலைபேசி வந்தது. வரவேண்டாம் என்று அரை நிமிடப் பேச்சு. ஏழு வருடம் அந்த இடத்தின் தண்ணீர்ப் பம்பையும் ஜெனரேட்டரையும் என் கையால் ஓட வைத்தவன். முகாமையாளர் கூட இல்லை, கணக்குப் பகுதியில் இருக்கிற ஒரு பிள்ளைதான் எடுத்துச் சொன்னது. இன்றைக்கும் அந்தக் குரல் காதில் இருக்கிறது. அந்தப் பிள்ளையில் கோபமில்லை, அது சொல்லச் சொன்னதைச் சொன்னது.

அந்த வருடம்தான் வீட்டு முற்றத்தில் கிடுகுக் கொட்டில் போட்டு, படகுகளின் வெளியிணைப்பு என்ஜின் திருத்த ஆரம்பித்தேன். ஒரு கல்யாண வீட்டில் என் காதுபடவே ஒருவர் சொன்னார், "கட்டாருக்குப் போய் வந்தும் எண்ணெய்க் கையோடுதான் நிற்கிறான்" என்று. நான் எழும்பி வந்துவிட்டேன். மனைவிக்குத்தான் பெரிய அவமானமாக இருந்தது, அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

2022 வந்தது, பொருளாதார நெருக்கடியும் வந்தது. எங்கள் படகுகள் பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓடுகிற சின்ன என்ஜின்கள். ஆனால் பெற்றோலில்தான் ஸ்டார்ட் எடுக்கவேண்டும், சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும், கரைக்கு வரும்போது கடைசிச் சில நிமிடம் மறுபடி பெற்றோலில் ஓடவிட்டு நிறுத்தவேண்டும். அப்போதுதான் காபரேட்டரில் மண்ணெண்ணெய் தங்காது. அந்த வருடம் பெற்றோலுக்கு இரண்டு மூன்று நாள் வரிசை. சனம் என்ன செய்யும், பெற்றோலை மிச்சம் பிடிக்க மண்ணெண்ணெயிலேயே நிறுத்தினார்கள். இரண்டு மாதத்தில் என் கொட்டில் வாசலில் என்ஜின்கள் வரிசையாக நின்றன.

ஒரு விடியற்காலை எங்கள் ஊர் மாமா ஒருவர் ஆட்டோவில் 15 குதிரைவலு என்ஜினைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். "தம்பி, ஸ்டார்ட் எடுக்குது, கொஞ்சத் தூரம் போனதும் மூச்சை விடுது." மூடியைக் கழற்றினேன். பிளக் இரண்டும் கரி பிடித்து ஈரமாக இருந்தன. காபரேட்டர் கிண்ணத்தைத் திறந்தால் அடியில் தேன் மாதிரி மஞ்சள் பசை. எண்ணெய் வருகிற ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன், துளையில் வெளிச்சம் தெரியவில்லை. இரும்புக் கம்பியால் குத்தக்கூடாது, துளை பெருத்துவிடும், பிறகு எண்ணெய் கூடக் குடிக்கும். பழைய வயர் ஒன்றை உரித்து ஒரே ஒரு செப்பு இழையை எடுத்து உருட்டி உருட்டி விட்டேன். ஊசிமுனை அளவில் வெளிச்சம் வந்தது. பூட்டி, பரல் தண்ணீரில் இறக்கி இழுத்தபோது ஒரே இழுவையில் எடுத்தது, பக்கத் துளையால் தண்ணீர் பீறியது. மாமாவிடம் காசு இருக்கவில்லை. அடுத்த நாள் இரண்டு சூரை மீன் கொண்டுவந்து வைத்தார். அன்றைக்கு ஊரில் பாதி வீட்டில் ஒரு நேரச் சாப்பாடு. எங்கள் வீட்டில் குழம்பு கொதித்தது.

பிறகு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340க்கு ஒரே இரவில் ஏறியது. பலர் கடலுக்குப் போவதையே குறைத்தார்கள், படகுக்காரர் சிலர் கரைவலைக்கு இழுவைக்குப் போனார்கள். என் கொப்பியில் கடன் ஏறியது. விலை பிறகு இறங்கினாலும் 87 திரும்பி வரவில்லை. தொழில் அப்படியே விழுந்துவிடும் என்று பயந்தேன். விழவில்லை, ஏனென்றால் அதற்குள் நான் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன், நீங்களும் பிடித்துக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

தென்மேற்குக் கச்சான் காற்று வீசுகிற காலத்தில் எங்கள் கடல் அமைதி, அப்போது நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்திலிருந்து தொழிலாளர்கள் படகோடு வந்து கரையில் வாடி, அதாவது தற்காலிகக் கொட்டில், போடுகிறார்கள். அவர்களால் மீன் குறைகிறது என்று ஊரில் கோபம் உண்டு, அதில் நியாயமும் உண்டு, சட்டவிரோத வலை யார் போட்டாலும் பிழைதான். ஆனால் அவர்களுடைய என்ஜினும் பழுதாகும், திருத்த ஆள் வேண்டும். அதே மாதங்களில் ஹோட்டல் படகுகளும் ஓடுகின்றன. மாரியில் வடகிழக்கு வாடைக்காற்று தொடங்கியதும் கடல் மூடும், ஆனால் அப்போது தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் பெரும்போக வயல், கைஉழவு இயந்திரங்கள் வேலை செய்கின்றன. எங்கள் மணல் தரையில் வெங்காயத் தோட்டங்களுக்குத் தண்ணீர்ப் பம்பு ஓடவேண்டும். கடல் படுத்தால் வயல், வயல் படுத்தால் ஹோட்டல். மூன்றும் ஒரே நேரத்தில் படுத்தது என் வாழ்க்கையில் 2022இன் அந்தச் சில மாதங்கள் மட்டும்தான். மீன் பிடிக்கிறவன் கடலை நம்பியிருக்கிறான், ஹோட்டலில் பரிமாறுகிறவன் வெள்ளைக்காரரை நம்பியிருக்கிறான், என்ஜின் திருத்துகிறவனுக்கு யாருடைய என்ஜினும் சரி.

என்ஜின் மட்டும்தான் என்று இல்லை. ஐஸ் பெட்டியும் குளிர்சாதனமும் திருத்துகிறவர் எங்கள் புல்மோட்டை வீதியில் போதாது. கண்ணாடி இழைப் படகுக்கு ஓட்டை அடைக்கிறவர் குறைவு. என் தங்கை கருவாட்டை மணலில் போடாமல் வலைத்தட்டில் உயர்த்திக் காயவைத்து, பொதி செய்து கொழும்புக்கு அனுப்புகிறாள், மணல் இல்லாத கருவாட்டுக்கு விலை வேறு. கடற்தொழிலைச் சுற்றி இருக்கிற வேலைகளைப் பாருங்கள்.

"உனக்கு அப்பாவின் காணி இருந்தது, கட்டார் காசு இருந்தது, ஒன்றுமில்லாதவன் என்ன செய்வான்" என்று கேட்பீர்கள். சரிதான். காணி இருந்தது. காசு பெரிதாக இல்லை. கடன் கேட்டுப் போனேன், அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். விண்ணப்பத்தைத் தமிழில் நிரப்பிக் கொடுத்தேன். மூன்று வாரத்தில் கடிதம் வந்தது, முழுக்கச் சிங்களத்தில். எனக்குப் பேச வரும், வாசிக்க வராது. வாசிக்கத் தெரிந்த ஒருவரைப் பிடிக்க இன்னும் பத்து நாள். அதில் இருந்தது என்னவென்றால், இன்னொரு ஆவணத்தை பதினான்கு நாளுக்குள் கொண்டுவா என்பது. தவணை போய்விட்டது. மறுபடி முதலில் இருந்து. 1987இல் இருந்து தமிழும் அரச கரும மொழி. திருகோணமலையில் இருக்கிற ஒரு தமிழனுக்கு அவன் தமிழில் கொடுத்த கடதாசிக்குத் தமிழில் ஒரு பதில் எழுத ஆள் இல்லையா? யாருக்கும் எதிராகச் சொல்லவில்லை, எனக்குச் சிங்கள நண்பர்கள் நிறைய, என் வாடிக்கையாளர்களில் பாதி அவர்கள்தான். ஆனால் அந்தப் பத்து நாள் என் வயிற்றில் இருக்கிறது.

இனி நீங்கள் கேட்ட இரண்டும். ஹோட்டல் கோர்ஸ் செய்யலாம், ஆனால் பரிமாறுவதை விட சமையலோ குளிர்சாதனமோ பிளம்பிங்கோ எடுங்கள், ஒக்டோபரில் வெளியே வந்தாலும் அந்தக் கை வேலை தரும். சான்றிதழில் என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) எத்தனையாம் நிலை என்று எழுதியிருக்கிறதா என்று காசு கட்டுவதற்கு முதல் கேளுங்கள், எழுதவில்லை என்றால் அந்தக் கடதாசி வெளிநாட்டில் உதவாது. நான் நைட்டாவில் (அரச தொழிற்பயிற்சி அதிகாரசபையில்) வகுப்புக்குப் போகாமல், செய்துகாட்டி, முன் அனுபவத்துக்காக என்.வி.கியூ. எடுத்தேன். கையில் வேலை இருக்கிறவர்களுக்கு அந்த வழி உண்டு, பலருக்குத் தெரியாது.

கட்டாருக்குப் போவதென்றால் போங்கள், ஆனால் தொழிலாளியாகப் போகாமல் தொழிலோடு போங்கள். ஒரு வருடம் இங்கே ஏதாவது பழகிவிட்டுப் போனால் முதல் இரண்டு வருடம் எண்ணெய் துடைக்க வேண்டியதில்லை. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்த முகவரா என்று பாருங்கள். விசிட் விசாவில் போ, அங்கே மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள், என் மச்சான் பெடியன் ஒருவன் அப்படிப் போய் நான்கு மாதம் ஒரு அறைக்குள் இருந்துவிட்டு டிக்கெட் காசும் கடன்பட்டுத் திரும்பினான்.

என்னிடம் இப்போது ஒரு பெடியன் பழகுகிறான், குச்சவெளியிலிருந்து வருகிறான். வாடைக்கு முதல் இன்னொருவர் தேவை, சம்பளம் பெரிதாகத் தரமுடியாது, மத்தியானச் சாப்பாடு உண்டு. நீங்கள் எந்த ஊர் என்று கீழே எழுதுங்கள், கிட்ட என்றால் ஒரு நாள் வந்து பாருங்கள்.