மாடல் மேசை: ஷிண்டனுக்கு ஜெட் எஞ்சின்

கேள்வி: 1/48 அளவில் ஷிண்டன் கிட் ஒன்று வைத்திருக்கிறேன். இரண்டாம் உலகப் போர் 1946 வரை நீடித்திருந்தால் என்ற கற்பனையில் அதை ஜெட் விமானமாக மாற்ற ஆசை. புரொப்பெல்லரை எடுத்துவிட்டுப் பின்னால் ஒரு குழாயைச் செருகினால் போதுமா?
- வாசகர், மதுரை

பதில்: போதாது. குழாய் செருகுவது சின்ன வேலை. அதைச் செருகியதால் வேறு எங்கெல்லாம் மாற்றம் வர வேண்டும் என்று யோசித்துச் செய்தால்தான் பார்ப்பவர் நம்புவார்.

அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானங்களை மறிக்க ஜப்பான் கடற்படைக்காக உருவான விமானம் ஷிண்டன். 1945 ஆகஸ்ட் 3-ல் ஃபுகுவோகாவில் முதன்முதலாகப் பறந்தது; மொத்தமே மூன்று முறைதான் மேலே போனது, அதற்குள் போர் முடிந்துவிட்டது. நே-130 ஜெட் எஞ்சினுடன் ஜே7டபிள்யூ2 என்ற வகை திட்டத்தில் இருந்தது; ஆனால் ஒன்றுகூடக் கட்டப்படவில்லை. ஆகவே 'அசலில் இப்படி இல்லையே' என்று உங்களை மடக்க யாராலும் முடியாது. 'ஏன் இப்படி?' என்று கேட்டால் மட்டும் பதில் இருக்க வேண்டும்.

முதலில் சக்கரக் கால்களைப் பாருங்கள். ஷிண்டன் கொக்கு மாதிரி நிற்பதற்குக் காரணம், பின்னால் சுழலும் சுமார் 3.4 மீட்டர் விட்டமுள்ள ஆறு இதழ்ப் புரொப்பெல்லர். 1/48-ல் அது 71 மிமீ. அப்படியும் தரையோட்டச் சோதனையில் மூக்கு தூக்கி, இதழ் நுனிகள் தரையில் இடித்து வளைந்தன. இறக்கையில் நிற்கும் இரண்டு செங்குத்து வால்களின் அடியிலும் சிறு சக்கரம் வந்தது அதற்குப் பிறகுதான். புரொப்பெல்லர் போனால் உயரமான காலுக்கு வேலையில்லை, வால் சக்கரத்துக்கும் வேலையில்லை. இரண்டையும் அப்படியே விட்டுவிட்டுக் குழாய் மட்டும் வைத்த மாடலில் ஏதோ இடிக்கிறதே என்று கண்ணுக்குத் தோன்றுவது இதனால்தான்.

மூன்று கால்களையும் 5 மிமீ குறையுங்கள். கீழ்ப்பகுதியில் கை வைக்க வேண்டாம். அங்கே கத்தரி இணைப்பு (காலின் மேல், கீழ்த் தண்டுகளை இணைக்கும் கத்தரி வடிவ மடக்கு) இருக்கிறது. மேல் தண்டில் வெட்டி, 0.8 மிமீ பித்தளைக் கம்பியை இரு துண்டுகளுக்குள்ளும் செலுத்தி ஒட்டுங்கள். கம்பி இல்லாத ஒட்டு, மாடல் பின்பக்கம் சாயாமலிருக்க மூக்கில் எடை ஏற்றியதும் ஒடியும். காலோடு சேர்ந்த கதவையும் அதே 5 மிமீ குறைக்க மறக்காதீர்கள். இனி வால்களின் கீழ் நுனி தரைக்கு மிக நெருங்கிவிடும். பாகங்களை டேப்பால் ஒட்டி நிறுத்தி, மேலெழும்போது இருப்பதுபோல் மூக்கை 10 முதல் 12 டிகிரி தூக்கிப் பாருங்கள். வாலோ குழாயோ தரையைத் தொட்டால், வாலின் அடியைத் தொடாத அளவுக்கு வெட்டி, முனையை உருட்டிவிடுங்கள்.

குழாய்க்கு 10 மிலி சிரிஞ்சு சரியான விட்டம்தானே என்று பலர் அதையே வெட்டி வைக்கிறார்கள். சிரிஞ்சு பாலிப்ரொப்பிலீன், பசையும் ஒட்டாது, பெயிண்ட்டும் உரிந்து வரும். சிரிஞ்சை அச்சாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 0.25 மிமீ ஸ்டைரீன் தகட்டை அதன்மேல் இரண்டு சுற்று சுற்றி, டேப் போட்டு, கொதித்து இறக்கிய நீரில் ஒரு நிமிடம் முக்கி, உடனே குளிர்ந்த நீரில் போட்டால் சுருள் அப்படியே நிற்கும். சுற்றுகளுக்கு இடையே நீர்த்த பசை விட்டு இறுக்குங்கள். ஆழம் 25 மிமீயாவது வேண்டும். உள்ளே நடுவில் ஒரு கூம்பு, அதற்குப் பின் கறுப்புத் தட்டு. தட்டு இல்லையென்றால் பின்னாலிருந்து பார்க்கிறவருக்கு விமானியின் இருக்கை தெரியும்!

உடலோடு குழாய் சேரும் இடுக்கை சூப்பர் குளூவால் நிரப்பினால் அரை மணிக்குள் உப்புத்தாள் போட்டுவிடுங்கள். மறுநாள் அது பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடும். தேய்த்தால் சுற்றியுள்ள பிளாஸ்டிக் குழியும், பசை மேடாக நிற்கும். பழைய எஞ்சினின் புகைக் குழாய்த் துளைகளையும் இதே சமயத்தில் மூடிவிடலாம். பக்கவாட்டுக் காற்று வாய்களை விட்டுவையுங்கள், ஜெட்டுக்கும் காற்று வேண்டுமே.

கேள்வி: மூக்கில் எடை போட்டும் என் ஷிண்டன் மாடல் பின்பக்கம் சாய்கிறது. எத்தனை கிராம் போட வேண்டும்?
- வாசகி, ஈரோடு

பதில்: கிட்டுக்குக் கிட் மாறும்; எடையை மாடலிடமே கேளுங்கள். எல்லாப் பாகங்களையும், செய்து வைத்த குழாயையும் சேர்த்து டேப்பால் கட்டிச் சக்கரத்தில் நிறுத்துங்கள். மூக்கின் மேல் தூண்டில் ஈயக் குண்டுகளை ஒவ்வொன்றாக வைத்து, மூக்கு இறங்கியதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக, விமானி அறைக்கு முன்னால் வையுங்கள். ஈயத்தை வெள்ளைப் பசையில் பதிக்கவே கூடாது. நாளடைவில் ஈயம் வெள்ளையாகப் பூத்து, பருத்து, மூக்கின் ஒட்டையே பிளந்துவிடும். எபாக்ஸி நல்லது.

கேள்வி: கிக்காவின் இரண்டு எஞ்சின்களை எடுத்து ஷிண்டனின் இறக்கைக்கு அடியில் மாட்டலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: மாட்டலாம், அழகாக இருக்காது, நம்பவும் முடியாது. ஜப்பானின் முதல் ஜெட் விமானமான கிக்காவை 1945 ஆகஸ்ட் 7-ல் கிசராசுவில் மேலே தூக்கிய நே-20 ஜெட் எஞ்சின் ஒவ்வொன்றின் உந்துவிசை 475 கிலோதான். ஷிண்டனின் இறக்கையில் செங்குத்து வால் வேறு நிற்கிறது. ஒற்றை எஞ்சினை உடலுக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

கேள்வி: இன்றைய ஜப்பான் வான் தற்காப்புப் படையின் நிறத்தில் ஜெட் ஷிண்டனைச் செய்தால் எப்படி? இல்லையென்றால் என்ன நிறம்?
- வாசகர், சேலம்

பதில்: அந்தப் படை தொடங்கியதே 1954-ல். தொடக்க ஆண்டுகளில் அவர்களுக்குக் கிடைத்தது எஃப்-86 சேபர் என்ற அமெரிக்க ஜெட் போர் விமானம். அதை வைத்துக்கொண்டு 1945-ன் வடிவத்தை ஏன் ஓட்டினார்கள் என்று ஒரு கதை கட்டியாக வேண்டும்.

1946 கடற்படை என்றால் எளிது. மேலே டாமியா பெயிண்ட்டில் எக்ஸ்எஃப்-11 பச்சை, கீழே எக்ஸ்எஃப்-12 சாம்பல், இறக்கை முன்விளிம்பின் உட்பகுதியில் மஞ்சள் பட்டை. வால் எண்ணுக்கு, தோக்கியோவைக் காத்த அட்சுகியின் 302-ம் படைப்பிரிவைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பிரிவு ஓட்டிய ரைடன் போர் விமானத்தின் கிட்டில் மிஞ்சிய டெக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் குறிப்படம்) உதவும். சக்கரக் குழிக்கு அவோதாகே எனும் நீலப்பச்சைப் பளபளப்பு வேண்டும்: முதலில் வெள்ளி, அது காய்ந்தபின் எக்ஸ்-23 தெளிநீலமும் எக்ஸ்-25 தெளிபச்சையும் கலந்து மெல்லிய இரண்டு பூச்சு. தடித்தால் பாட்டில் கண்ணாடி போல் இருண்டுவிடும்.

கேள்வி: கரும்பச்சைமேல் மேட் வார்னிஷ் அடித்ததும் வெள்ளைப் படலம் படிகிறது. ஏன்?
- வாசகர், நாகப்பட்டினம்

பதில்: ஈரக் காற்று. லாக்கர் தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் பூச்சின்மேல் படிகிறது. மழை நாளில் லாக்கர் அடிக்காதீர்கள். அடித்தே ஆக வேண்டுமென்றால் மெதுவாக ஆவியாகும் மிஸ்டர் லெவலிங் தின்னரைக் கலந்து, கம்ப்ரெஸர் காற்றிலுள்ள நீரைப் பிடிக்கும் நீர்ப்பொறியை முதலில் வடித்துவிடுங்கள். ஏற்கெனவே வெளுத்த இடத்தில் அதே தின்னரைத் தனியாக, பனி மாதிரி ஒரே ஒரு வீச்சு அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். இரண்டாம் வீச்சு வேண்டாம், அடியிலுள்ள டெக்கால் சுருங்கும்.