போடிமெட்டு மலைப்பாதையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த காயில்ஓவர் வாங்கலாம்?

காயில்ஓவர் என்பது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த, உயரம் மாற்றக்கூடிய சஸ்பென்ஷன். போடி–மூணாறு பாதைக்கு என்றால் கார் எவ்வளவு தாழும் என்பதைவிட ஷாக் அப்சார்பருக்கு எவ்வளவு டிராவல் (மேலும் கீழும் அசையும் தூரம்) மிஞ்சும் என்பதுதான் முக்கியம். அடி பிராக்கெட்டைத் திருகி உயரம் மாற்றும் வகையையே எடுங்கள். ஸ்பிரிங் உட்காரும் தட்டான ஸ்பிரிங் சீட்டை இறக்கித்தான் உயரம் குறையும் என்றால் டிராவலும் குறையும். கொண்டை ஊசி வளைவில் ஒரு பள்ளம் வந்தாலே பம்ப் ஸ்டாப்பில் (அசைவின் கடைசியில் உள்ள ரப்பர் தடுப்பு) இடித்து டயர் பிடிப்பை விட்டுவிடும். 25 மி.மீ.க்கு மேல் இறக்காதீர்கள். ஷாக் அப்சார்பருக்குப் பொருந்தாத கடின ஸ்பிரிங் போட்டால் கார் துள்ளும்.

மாட்டும்போது, ஜாக்கியில் தொங்கும் நிலையிலேயே லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் காரோடு இணைக்கும் கீழ்க்கை) போல்ட்டை மெக்கானிக்குகள் இறுக்கிவிடுகிறார்கள். சக்கரம் தரையில் பாரம் ஏற்ற பிறகே இறுக்க வேண்டும். இல்லையேல் அந்த இணைப்பிலுள்ள ரப்பர் புஷ் முறுக்கிக் கிழியும். அடுத்து வீல் அலைன்மென்ட். ஜூன் மழைக்கு முன் காயில்ஓவரின் திரெட்டைப் பிரஷ்ஷால் தேய்த்து ஆன்டி-சீஸ் (இறுகிப்போகாமல் காக்கும் பசை) தடவுங்கள். உயரத்தைப் பூட்டும் லாக் ரிங் துருவேறி இறுகினால் உயரத்தை மாற்றவே முடியாது.