5 சென்ரிமீற்றர் பனிக்கு ஏன் பயப்பட வேண்டும்?

அன்புள்ள தம்பி,

வின்னிபெக்கிற்கு வந்து மூன்று மாதங்கள்தான் ஆகின்றன என்றும், திங்கட்கிழமை காலை பிரண்டனில் புதிய வேலையில் சேர வேண்டியிருக்கிறது என்றும், புயல் ஞாயிறு இரவுதான் வருமென்று வானிலை அறிவித்தலில் போட்டிருப்பதால் ஞாயிறு நண்பகல் காரில் புறப்பட்டால் அதற்கு முன்னரே போய்ச் சேர்ந்துவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மொத்தம் 5 சென்ரிமீற்றர் பனிதானே பெய்யப் போகிறது, போன மாதம் 15 சென்ரிமீற்றர் கொட்டியபோதுகூட நகரத்துக்குள் ஓட்டிப் பழகிவிட்டேனே என்ற உங்கள் வாதத்தையும் வாசித்தேன். இந்த மனிற்றோபா மாகாணத்தில் 21 குளிர்காலங்களைக் கழித்தவன் என்ற முறையில் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஞாயிறு நண்பகல் வேண்டாம். சனிக்கிழமை பகல் வெளிச்சத்தில் போய்விடுங்கள். அது முடியாதென்றால், செவ்வாய்க்கிழமை வந்து சேரலாமா என்று வேலை கொடுத்தவர்களிடம் இன்றே கேட்டுவிடுங்கள். காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதே கேள்வி இந்தக் குளிர்காலத்திலேயே உங்களுக்கு இன்னும் பலமுறை வரும்.

புதிதாக வருகிற எல்லோரும் அறிவித்தலில் சென்ரிமீற்றரைத்தான் பார்க்கிறோம். நானும் அப்படித்தான் பார்த்தேன். சமவெளி மாகாணங்களில் முதலில் பார்க்க வேண்டியது அதற்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் கிடக்கிற காற்றின் வேகத்தை. இந்தப் பகுதியில் பனிப்புயல் எச்சரிக்கை விடுப்பதற்குக் கனடாச் சுற்றுச்சூழல் திணைக்களம் வைத்திருக்கும் அளவுகோலைப் பாருங்கள்: காற்று மணிக்கு 40 கிலோமீற்றர் அல்லது அதற்கு மேல் வீச வேண்டும், பார்வைத் தூரம் 400 மீற்றராகவோ அதற்கும் குறைவாகவோ சுருங்க வேண்டும், இந்த நிலை குறைந்தது 4 மணித்தியாலங்களாவது நீடிக்க வேண்டும். எவ்வளவு பனி பெய்ய வேண்டும் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. வானத்திலிருந்து புதிதாக ஒரு துகள்கூட விழாமல், ஏற்கெனவே வயல்களில் கிடக்கிற பனியைக் காற்று கிளப்பினாலே போதும்.

அந்தக் கிடக்கிற பனியின் வயதையும் கவனிக்கப் பழகிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாட்களுக்கு முன் கடுங்குளிரில் பெய்த பனி மாவைப்போல உலர்ந்து உதிரியாக இருக்கும். மணிக்கு 30 கிலோமீற்றர் காற்றுக்கே அது நகரத் தொடங்கிவிடும். இடையில் ஒருநாள் வெயிலேறி மேற்பரப்பு உருகி மறுபடி உறைந்திருந்தால், அதன்மேல் ஓர் ஓடு கட்டிவிடும்; அதே காற்று அதை எளிதில் அசைக்காது. காற்று மிதமாக இருக்கும்போது பனி முழங்காலுக்குக் கீழே பாம்புகள்போல வீதியைக் குறுக்கறுத்து ஊர்ந்து போகும். பார்க்க அழகாகவே இருக்கும், தூரத்தில் வருகிற வாகனமும் தெரியும். காற்று இன்னும் கொஞ்சம் ஏறியதும் அதே பனி கண் மட்டத்துக்கு, ஏறத்தாழ 2 மீற்றருக்கு, மேலெழுந்துவிடும். அந்த மாற்றத்துக்குச் சில நிமிடங்கள் போதும். அண்ணாந்து பார்த்தால் நீல வானமும் சூரியனும் தெரிய, நேரே பார்த்தால் உங்கள் காரின் முன்மூடிகூடத் தெரியாத நிலையை நீங்கள் இன்னும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

1977 ஜனவரி இறுதியில் எல்லைக்கு அப்பால் பஃபலோ நகரத்தையும் அதையொட்டிய தெற்கு ஒன்ராறியோவையும் முடக்கிய பனிப்புயல் இதற்கு நல்ல சாட்சி. அந்த நாட்களில் புதிதாகப் பெய்த பனி அப்படியொன்றும் பெருந்தொகை அல்ல. ஈரி ஏரி முன்கூட்டியே உறைந்துபோய், அந்தப் பனிக்கட்டியின்மேல் வாரக்கணக்காகச் சேர்ந்திருந்த பனியைத்தான் காற்று வாரிக்கொண்டு வந்து நகரத்தின்மேல் கொட்டியது. கார்களுக்குள் அகப்பட்டு இறந்தவர்களும் அதில் உண்டு. நம்முடைய பக்கத்தில் ஏரி இல்லையே என்று நினைக்காதீர்கள். வின்னிபெக் இருக்கிற செந்நதிப் பள்ளத்தாக்கு முழுவதும் அகாசி என்ற பழைய பனியுக ஏரியின் அடித்தளம்தான். அதனால்தான் மேடு பள்ளமின்றித் தட்டையாகக் கிடக்கிறது, அதனால்தான் காற்றைத் தடுக்க இங்கே ஒன்றுமே இல்லை.

இப்போது உங்கள் பயணத்துக்கு வருகிறேன். பிரண்டன் இங்கிருந்து ஏறத்தாழ 215 கிலோமீற்றர். நல்ல நாளில் இரண்டேகால் மணித்தியால ஓட்டம். ட்ரான்ஸ் கனடா நெடுஞ்சாலை கிழக்கிலிருந்து மேற்காகப் போகிறது. மேற்கிலிருந்து ஒரு தாழமுக்கம் நெருங்கும்போது, பனி பெய்யத் தொடங்குவதற்குப் பல மணித்தியாலங்கள் முன்னதாகவே தெற்கிலிருந்து அல்லது தென்கிழக்கிலிருந்து காற்று வலுக்கத் தொடங்கிவிடும். அதாவது, ‘புயல் ஞாயிறு இரவு’ என்று அறிவித்தல் சொல்வது பனிப்பொழிவின் நேரத்தை. அதன் காற்று உங்கள் வீதிக்கு ஞாயிறு பிற்பகலே வந்துவிடலாம், அதுவும் நேர் குறுக்காக. நீங்கள் புயலுக்கு முன்னால் ஓடுவதாக நினைத்துக்கொண்டு, மேற்கே இருக்கும் புயலை எதிர்கொள்ளவே போய்க்கொண்டிருப்பீர்கள். புயல் கடந்து போன பிறகு காற்று வடமேற்குக்குத் திரும்பி முன்னிலும் கடுமையாக வீசும், வெப்பநிலையும் சடுதியாக விழும். அல்பேர்ட்டாப் பக்கமிருந்து வேகமாக வருகிற, ‘கிளிப்பர்’ என்று இங்குள்ளவர்கள் சொல்லும் புயல்கள் குறிப்பாக இப்படித்தான்: கொட்டுவது சில சென்ரிமீற்றர்தான், ஆனால் வால்காற்று மறுநாள் முழுவதும் வீதிகளை மூடிவைத்திருக்கும். உங்கள் 5 சென்ரிமீற்றர் எனக்கு அப்படியொன்றாகவே தெரிகிறது.

நகரத்துக்குள் 15 சென்ரிமீற்றரில் ஓட்டிய அனுபவம் இதற்கு உதவாது என்று சொன்னால் கோபிக்காதீர்கள். நகரத்தில் வீடுகளும் மரங்களும் மதில்களும் காற்றை உடைத்துவிடுகின்றன. நகரத்தின் மேற்கே இருக்கிற ஹெடிங்லியைத் தாண்டினால் அந்தப் பாதுகாப்பு முடிந்துவிடும். அதன் பிறகும் ஆங்காங்கே பண்ணை வீடுகளைச் சுற்றி மரவேலிகள் நிற்கும். அவற்றின் மறைவில் ஓடும்போது எல்லாம் தெளிவாகத் தெரியும், நீங்களும் வேகத்தைக் கூட்டுவீர்கள். மரவேலி முடிகிற இடத்தில் வெள்ளைச் சுவர் நிற்கும். அந்த இடங்களில்தான் காற்று பனியை விரல்போல நீட்டி வீதியின் குறுக்கே குவித்தும் வைத்திருக்கும். 100 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு சக்கரம் அதில் ஏறினால் கார் எந்தப் பக்கம் திரும்பும் என்பது உங்கள் கையில் இல்லை.

எனக்கு இது புரிந்தது நான் வந்த மூன்றாவது குளிர்காலத்தில், 75ஆம் இலக்க நெடுஞ்சாலையில். வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது, பூச்சியத்துக்குக் கீழே 24 பாகை. அப்போது வேலை செய்த இடத்தில் மேற்பார்வையாளர் யன்னலால் வெளியே பார்த்துவிட்டு, ‘ஒரு முகில்கூட இல்லை, போய் வா’ என்று அனுப்பிவைத்தார். மொறிஸ் நகரத்தைத் தாண்டித் தெற்கே போகும்போது ஒரு பாரவூர்தி என்னை முந்திச் சென்றது. அது கிளப்பிவிட்ட பனி மேகத்துக்குள் நான் இருந்தது பத்து விநாடிகள்கூட இராது. ஆனால் அந்தப் பத்து விநாடிகளில் வீதி எங்கே, வானம் எங்கே, நான் ஓடுகிறேனா நிற்கிறேனா என்பதெல்லாம் போய்விட்டது. கண்ணுக்குப் பிடிமானம் இல்லாதபோது உடம்புக்கு வேகமும் தெரிவதில்லை. மேகம் கலைந்தபோது வலப்பக்கச் சில்லுகள் இரண்டும் வீதியோரச் சரளைக் கல்லில் ஓடிக்கொண்டிருந்தன. அடுத்த திருப்பத்தில் மொறிசுக்கே திரும்பி, ஒரு பெற்றோல் நிலையத்தில் மறுநாள் காலைவரை இருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. நள்ளிரவுக்குள் அங்கே என்னைப்போல இருபது பேர் சேர்ந்துவிட்டார்கள், பாதிப்பேர் பாரவூர்திச் சாரதிகள்.

வீதியின் மேற்பரப்பைப் பற்றி ஒரு விடயம். கடுங்குளிரில் உலர்ந்த பனி உலர்ந்த தாரின்மேல் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஆனால் வெயிலிலோ, வாகனங்களின் சில்லுகள் உரசியோ, உப்பின் ஈரத்திலோ கொஞ்சம் உருகினால், அது உடனே உறைந்து, அதன்மேல் ஓடுகிற ஒவ்வொரு வாகனமும் அதை மெருகேற்றிக் கண்ணாடியாக்கிவிடும். வீதியில் போடுகிற சாதாரண உப்பு, குளிர் மிகக் கடுமையாகும்போது வேலை செய்வதில்லை. அதனால்தான் இங்கே மணலைத் தூவுகிறார்கள். மணல் பிடிப்பைக் கொஞ்சம் கூட்டுமே தவிர, பனிக்கட்டியை உருக்காது.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருநாள் அகப்படத்தான் செய்வீர்கள். அப்போது முதலில் வெளிச்சங்களை முழுமையாகப் போடுங்கள். பகலில் தானாக எரியும் முன்விளக்குகளை நம்பி ஓட்டுகிறவர்களுக்குப் பின்விளக்கு எரிவதில்லை, பல பழைய கார்களில் நிலைமை இதுதான். பின்னால் வருகிறவனுக்கு நீங்கள் இல்லவே இல்லை. தூர வெளிச்சம் போடாதீர்கள், அது பனித்துகளில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். வேகத்தைத் தானாகப் பேணும் குரூஸ் கொன்ரோலை நிறுத்திவிடுங்கள். வேகத்தைக் குறைப்பது மெதுவாக நடக்கட்டும், பிறேக்கைச் சடுதியாக அழுத்த வேண்டாம். பனி வழிக்கும் வண்டி முன்னால் போனால் அதை முந்தவே முந்தாதீர்கள். அது கிளப்புகிற மேகத்துக்குள் அதன் அலகு எவ்வளவு அகலம் என்று தெரியாது, அதற்குப் பின்னால் இருக்கிற வீதிதான் அந்த நேரத்தில் மாகாணத்திலேயே நல்ல வீதி. ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக ஓடுகிற தடத்திலேயே நிறுத்திவிடுவதுதான் மிகப் பெரிய ஆபத்து. ஐம்பது வாகனங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற விபத்துகள் முதலாவது ஆள் நிறுத்துகிற இடத்தில்தான் தொடங்குகின்றன. அடுத்த வெளியேறும் வழி அல்லது அடுத்த ஊர் வரை ஊர்ந்தாவது போய்விட வேண்டும்.

வீதியை விட்டு விலகிப் பனிக்குள் சிக்கிவிட்டால் காரை விட்டு இறங்கி நடக்காதீர்கள். பூச்சியத்துக்குக் கீழே 25 பாகையில் 40 கிலோமீற்றர் காற்று வீசினால் உடம்புக்கு அது பூச்சியத்துக்குக் கீழே 41 பாகை போல; மூடாத தோல் 5 முதல் 10 நிமிடங்களுக்குள் உறைந்துவிடும். தெரிகிற பண்ணை வீட்டு விளக்கு நினைத்ததைவிடத் தூரத்தில் இருக்கும், பாதி வழியில் அது மறைந்தும்விடும். காரைத் தேடி வருகிறவர்கள் கண்டுபிடிப்பார்கள், ஆளைக் கண்டுபிடிப்பது கடினம். 2010 டிசெம்பரில் ஒன்ராறியோவின் சார்னியாவுக்கு அருகே 402ஆம் இலக்க நெடுஞ்சாலையில் 300க்கும் மேற்பட்ட வாகனங்கள் பனியில் புதைந்தபோது, இராணுவ ஹெலிகொப்டர்களே வரவேண்டியிருந்தது; மீட்கப்பட்டவர்களில் பலர் தங்கள் வாகனங்களிலேயே ஒரு நாளுக்கு மேல் காத்திருந்தவர்கள்.

காத்திருக்கும்போது கொல்லக்கூடியது குளிர் மட்டுமல்ல. காரின் புகைபோக்கியைப் பனி அடைத்துவிட்டால், இயந்திரம் ஓடும்போது காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு உள்ளே வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, நித்திரை வருவதுபோலத்தான் இருக்கும். ஆகவே முதலில் புகைபோக்கியைச் சுற்றியிருக்கும் பனியைத் தோண்டி எடுங்கள், பிறகு மணித்தியாலத்துக்கு 10 நிமிடம் மட்டும் இயந்திரத்தை ஓட்டுங்கள், காற்று அடிக்காத பக்க யன்னலை ஒரு விரலளவு திறந்து வையுங்கள், ஒவ்வொரு முறையும் ஓட்டுவதற்கு முன் புகைபோக்கியை மீண்டும் பாருங்கள். இதற்காகவே குளிர்காலம் முழுவதும் பெற்றோல் தாங்கி பாதிக்குக் கீழே போகக்கூடாது என்று சொல்வார்கள். 911ஐ அழைக்கும்போது கடைசியாகத் தாண்டிய ஊரையும் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். கைத்தொலைபேசியை உள்சட்டைப் பைக்குள் வையுங்கள், குளிரில் அதன் பற்றரி சடுதியாக இறங்கிவிடும்.

காரில் வைக்க வேண்டியவற்றை உங்களுக்கு யாராவது ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள்: மண்வெட்டி, கனமான போர்வை, கைவிளக்கு, மின்னேற்றும் வயர், தண்ணீர், கொறிக்க ஏதாவது. அதைவிட எனக்குக் கவலை தருவது நீங்கள் என்ன உடுத்துகிறீர்கள் என்பதுதான். கார் சூடாக இருக்கிறது என்று மெல்லிய மேற்சட்டையோடும் சாதாரணச் சப்பாத்தோடும் போகிற இளைஞர்களை நிறையப் பார்க்கிறேன். இயந்திரம் நின்றாலும் குளிரைத் தாங்கக்கூடிய உடையோடு ஏறுங்கள். குளிர்கால ரயர்கள் இந்த மாகாணத்தில் சட்டப்படி கட்டாயமில்லை. கியூபெக்கில் டிசெம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். சாதாரண ரயரின் இறப்பர் 7 பாகைக்குக் கீழேயே இறுகத் தொடங்கிவிடுகிறது. மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் பொறித்த அடையாளம் உங்கள் ரயர்களில் இல்லையென்றால், நெடுஞ்சாலைப் பயணத்தை அது வரும்வரை தள்ளிவைப்பதே நல்லது.

புறப்படுவதற்கு முன் மூன்றைப் பாருங்கள். மனிற்றோபா 511 சேவையில் வீதியின் நிலையும் நெடுஞ்சாலைக் கமராக்களும் இருக்கின்றன. வழியில் வருகிற போர்ட்டேஜ் லா பிரேரிக்கு மேற்கே இருக்கிற கமராவைப் பாருங்கள், வின்னிபெக்கில் இருப்பதை அல்ல. சுற்றுச்சூழல் திணைக்களத்தின் எச்சரிக்கைகள் 2025 நவம்பரிலிருந்து மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று நிறங்களில் வருகின்றன. மஞ்சள்தானே என்று விட்டுவிடாமல் கீழே எழுதியிருப்பதை வாசியுங்கள், ‘வீசும் பனி’ என்ற சொல் இருந்தால் அது உங்களுக்குத்தான். மூன்றாவதாக, மணித்தியாலவாரி அறிவித்தலில் காற்று எப்போது எந்தத் திசைக்கு மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வீதியை மூடிவிட்டு மறிப்புக் கட்டை போட்டிருந்தால் அதைச் சுற்றிக்கொண்டு கிராம வீதியால் போக நினைக்காதீர்கள்; அங்கே பனி வழிக்கும் வண்டி கடைசியாகத்தான் வரும்.

வேலையில் முதல் நாளே வராமல் நின்றால் என்ன நினைப்பார்களோ என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பயத்தை நான் அறிவேன், மொறிசுக்கு என்னைக் கொண்டுபோனதும் அதுதான். ஆனால் பிரண்டனில் இருப்பவர்களுக்கு இந்த வீதியை உங்களைவிட நன்றாகத் தெரியும். எச்சரிக்கை வந்திருக்கிறது, நெடுஞ்சாலை மூடப்படலாம், ஆகவே சனிக்கிழமையே வர முயல்கிறேன், முடியாவிட்டால் செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்று இரண்டு வரி எழுதிவிட்டால் அதை அவர்கள் குறையாக எடுப்பது அரிது. சனிக்கிழமை போவதானால் காலை 10 மணிக்குப் புறப்படுங்கள், மாலை 5 மணிக்குள் இருட்டத் தொடங்கிவிடும். போர்ட்டேஜில் ஒருமுறை நிறுத்தி 511ஐ மறுபடி பாருங்கள். பனி வீதியைக் குறுக்கறுத்து ஊரத் தொடங்கியிருந்தால் அங்கேயே தங்கிவிட்டு எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்.