ஒரே பூச்சியை அருங்காட்சியகத்தில் ஏன் பெட்டி பெட்டியாகக் குத்தி வைக்கிறார்கள்? ஒரு படம் போதாதா?

போதாது. எங்கள் அம்பாசமுத்திரம் வீட்டுக் கறிவேப்பிலையில் முட்டையிட வரும் கருப்பு வண்ணத்துப்பூச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். கறிவேப்பிலை அழகி என்பார்கள். அதில் பெண் மட்டும் மூன்று தினுசில் வரும். ஒன்று ஆணைப் போலவே இருக்கும், மற்ற இரண்டும் பறவைகள் தொடாத நஞ்சுள்ள வேறு இரண்டு இனங்களைப் பார்த்து வேஷம் கட்டியவை. ஒன்றை மட்டும் வைத்தால் பாக்கி இரண்டும் வேறு பூச்சி என்றுதானே நினைப்போம்? அப்புறம் ஊசியில் பூச்சிக்குக் கீழே இருக்கும் துண்டுச்சீட்டு, பிடித்த இடமும் தேதியும். அது இல்லாத பூச்சி, என்னைக் கேட்டால், வெறும் அலங்காரம்.

ஆனால் படமும் வேண்டும். சின்ன வயதில் தீப்பெட்டியில் கொடுக்காப்புளி இலை போட்டு வளர்த்த பொன்வண்டு செத்த பிறகும் மின்னும், ஏனென்றால் அது சாயமல்ல, ஓட்டின் நுண்ணடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வரும் நிறம். தாமிரபரணிக் கரைத் தும்பிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. செத்ததும் கண்ணும் உடம்பும் பெரும்பாலும் பழுப்பாகிவிடும். அங்கே ஓவியம்தான் கைகொடுக்கும். 1705-இல் மரியா சிபில்லா மெரியன் என்ற ஓவியர் வெளியிட்ட, தென் அமெரிக்காவில் உள்ள சுரினாம் நாட்டுப் பூச்சிப் படங்களில் புழு, கூடு, இறக்கை, செடி எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். ஒன்றிரண்டு புழுக்களைத் தப்பான பூச்சியோடு சேர்த்துவிட்டார், அது வேறு கதை.