துடிப்பு வருகிறது, வேலை நடக்கவில்லை

க்யூவிலிருந்து (வேலைகள் காத்திருக்கும் வரிசை) வேலைகளை எடுத்துச் செய்யும் வொர்க்கர் புராசஸ் தொங்கி நின்ற பிறகும் கண்காணிப்பு நிரல் ‘உயிரோடு இருக்கிறது’ என்றே காட்டியது என்கிறீர்கள். நீங்கள் ஒட்டியிருக்கும் கோடில் ஹார்ட்பீட்டை, அதாவது ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று அவ்வப்போது சொல்லும் துடிப்பை, தனி த்ரெட் (புராசஸுக்குள் தனியாக ஓடும் இழை) அனுப்புகிறது. கோளாறு அங்கேதான். முதன்மை த்ரெட் ஏதோ ஒரு லாக்கில் (திறக்கும்வரை காக்க வைக்கும் பூட்டு) மாட்டிக் கிடந்தாலும், அந்தத் தனி த்ரெட் தன் பாட்டுக்குத் துடித்துக்கொண்டே இருக்கும். புராசஸ் மொத்தமாகச் செத்தால்தான் நிற்கும்.

துடிப்பை வேலை செய்யும் லூப்புக்குள்ளேயே வையுங்கள்: ஒரு வேலை முடிந்ததும் ஒரு துடிப்பு. க்யூ காலியாக இருந்தால் லூப் காத்துக்கொண்டே நின்றுவிடும், அப்போது பொய் அலாரம் வரும். அதனால் க்யூவிலிருந்து எடுக்கும்போது 5 விநாடி டைம்அவுட் (காத்திருப்பு வரம்பு) கொடுங்கள். ஒன்றும் வராவிட்டாலும் துடித்துவிட்டுத் திரும்பப் போகட்டும். நீண்ட வேலை என்றால் நடுநடுவேயும் துடிக்க வேண்டும்.

அப்புறம், 5 விநாடித் துடிப்புக்கு நீங்கள் வைத்திருக்கும் 6 விநாடிக் கெடு ரொம்பக் கறார். கார்பேஜ் கலெக்‌ஷன் (பயன்படாத நினைவகத்தை விடுவிக்கும் வேலை) கொஞ்சம் இழுத்தாலே நல்ல புராசஸைக் கொன்றுவிடுவீர்கள். 15, 20 விநாடி விடலாம். நேரத்தை மோனோடோனிக் கடிகாரத்தில் (பின்னோக்கிப் போகாத கடிகாரம்) அளந்துகொள்ளுங்கள். சிஸ்டம் கடிகாரம் திருத்தப்பட்டால் கணக்கு குழம்பும்.

லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி இருந்தால் சொந்தக் கண்காணிப்பு நிரலே தேவையில்லை. அதிலுள்ள வாட்ச்டாக் (துடிப்பு நின்றால் கண்டுபிடிக்கும்) வசதி இதே வேலையைச் செய்யும், ரீஸ்டார்ட் அமைப்பை மட்டும் மறக்காமல் போடுங்கள்.