மெஷின் குஞ்சுக்கு முதல் வாரம்

கேள்வி: நாட்டுக்கோழி வளர்க்கிறேன். அடைக்கோழி பொரித்த குஞ்சுகள் குப்பையைக் கிளறியே தேறிவிடுகின்றன. மெஷினில் பொரித்தவை, சுத்தமான கொட்டகையில் இருந்தும், மூன்றாவது வாரத்தில் சோர்ந்து, கழிச்சல் கண்டு சாகின்றன. மருந்துக்கடையில் சொன்னபடி முதல் ஐந்து நாளும் தண்ணீரில் ஆன்டிபயாடிக் கலந்துதான் கொடுக்கிறேன். எங்கே தப்பு?

பதில்: ஐயா, முதலில் அந்த மருந்தை நிறுத்துங்கள். நோய் இல்லாத குஞ்சுக்கு முதல் வாரத்தில் அது கெடுதல்தான்.

பொரித்து வரும் குஞ்சின் குடலில் நுண்ணுயிர் அநேகமாக இருக்காது. தாயோடு இருக்கும் குஞ்சு அவளுடைய இறகு, எச்சம் கலந்த மண் என்று கொத்திக் கொத்தி, பெரிய கோழியின் குடலில் வாழும் நுண்ணுயிர்களை ஓரிரு நாளிலேயே வாங்கிக்கொள்கிறது. மெஷின் குஞ்சு தாயைப் பார்ப்பதே இல்லை. காலியாகக் கிடக்கிற குடலில் எது முந்துகிறதோ அது குடியேறிவிடும். பின்லாந்தில் 1971இல் கறிக்கோழிகளில் சால்மொனெல்லா என்ற குடல் கிருமி பரவியது. நூர்மி, ரன்டாலா என்ற இருவர் பெரிய கோழியின் குடல் சரக்கைப் பிஞ்சுக் குஞ்சுகளுக்குப் புகட்டிப் பார்த்தார்கள். அவற்றின் குடலில் சால்மொனெல்லாவால் எளிதில் காலூன்ற முடியவில்லை. 1973இல் இதை வெளியிட்டார்கள்.

இடத்தைப் பிடித்துக்கொள்வது மட்டும் அந்த நல்ல நுண்ணுயிர்களின் வேலை இல்லை. கோழியின் எச்சவாய்க்கு மேலே, உள்பக்கமாகப் பர்சா என்று ஒரு சின்னப் பை இருக்கிறது. அது எதற்கு என்றே வெகுகாலம் யாருக்கும் தெரியவில்லை. அமெரிக்காவில் கிளிக் என்ற மாணவர் பர்சாவை அறுத்தெடுத்து வைத்திருந்த கோழிகளை, சாங் என்ற நண்பர் வகுப்பில் காட்டுவதற்காக வாங்கிப்போய் சால்மொனெல்லா ஊசி போட்டார். எதிர்ப்புப் புரதம் சுரக்கவே இல்லை! 1956இல் அது கட்டுரையாக வந்தது. எதிர்ப்புப் புரதம் சுரக்கிற செல்லை மனித வைத்தியத்தில் ‘பி செல்’ என்கிறார்களே, அந்த ‘பி’ இந்தப் பர்சாவின் பெயர்தான்.

குஞ்சு எச்சவாயைச் சுருக்கி விரிக்கும்போது, குடலிலும் வெளியிலும் உள்ள நுண்ணுயிர்த் துணுக்குகள் பர்சாவுக்குள் இழுக்கப்படுகின்றன. அதில்தான் அங்குள்ள செல்கள் தூண்டப்பட்டுப் பெருகுகின்றன. அந்த வழியை அடைத்துப் பார்த்தபோது பர்சா சரியாக வளரவில்லை. ஆய்வுக்கூடத்தில் கிருமியே படாமல் வளர்த்த கோழிகளுக்கும் குடல் சுவரின் எதிர்ப்புத் திசு மெலிந்துதான் இருந்தது. அப்படியிருக்க, அந்த வாரத்திலேயே ஆன்டிபயாடிக் ஊற்றினால் என்ன ஆகும்?

இன்னொன்று. தாய் மஞ்சள்கரு வழியாகக் கொடுத்தனுப்பிய எதிர்ப்பு இரண்டு மூன்று வாரத்தில் வடிந்துவிடும். உங்கள் குஞ்சுகள் சோர்வதும் அப்போதுதான். ஆனால் ரத்தக் கழிச்சல் வருகிற வயதும் அதுவே. அதனால் எல்லாப் பழியையும் குடல் நுண்ணுயிர் மேல் போட மாட்டேன். புதிதாகச் செத்த குஞ்சு ஒன்றைக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நோய் உறுதியானால், மருத்துவர் எழுதித் தரும் மருந்தைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

பெரிய கோழியின் எச்சத்தைக் கரைத்துக் கொடுக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வேண்டாம். நல்லதோடு ரத்தக் கழிச்சல் கிருமியும் குடற்புழு முட்டையும் சேர்ந்தே வரும். கடையில் விற்கும், நல்ல நுண்ணுயிர் கலந்த, கோழிக்கான புரோபயாட்டிக் பொடியை முதல் நாளிலிருந்து கொடுங்கள். குளோரின் போட்ட தண்ணீரில் கலந்தால் வீண். தாயிடம் கிடைக்கும் அத்தனை வகையும் அதில் இருக்காது, ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு மேல். மோர் ஊற்றுகிறவர்களும் உண்டு. பால் சர்க்கரை கோழிக்குச் செரிக்காது, அதிகமானால் அதுவே கழிச்சல்.

குஞ்சு வந்து இறங்கியதும் தண்ணீர், உடனே தீவனம். பட்டினி போட்டால் குடல் வளர்ச்சி பின்தங்கும். முதல் வாரம் புரூடரில், அதாவது குஞ்சுகளைப் பல்பு போட்டுச் சூடாக வைக்கும் இடத்தில், 95 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு வேண்டும். குஞ்சுகள் பல்புக்கடியில் குவிந்தால் குளிர், ஓரமாக ஒதுங்கினால் சூடு அதிகம். தாயின் குஞ்சு தேறுவதில் பாதி அவளுடைய சூடுதான்! கம்போரோ என்ற வைரஸ் நோய்க்கான தடுப்பு மருந்தை மட்டும் தவறவிடாதீர்கள், அந்த வைரஸ் குறிவைப்பதே பர்சாவைத்தான்.

உங்களிடம் அடைக்கோழிகள் இருப்பதால் இதையும் செய்து பாருங்கள். நோயில்லாத, குடற்புழு நீக்கிய அடைக்கோழியாகப் பார்த்து, அது பொரிக்கும் அன்றே மெஷின் குஞ்சுகளும் பொரிக்கும்படி நாள் பார்த்து முட்டை வையுங்கள். அன்று ராத்திரி இருட்டில் ஒரு நாள் குஞ்சுகளை அதன் சிறகுக்கடியில் தள்ளிவிட்டால், பெரும்பாலும் சேர்த்துக்கொள்ளும். காலையில் கொத்துகிறதா என்று மட்டும் பக்கத்தில் இருந்து பாருங்கள்.